மலாவி நாட்டுப் பள்ளிகளும் நமது காணிக்கையும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்வி நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழாக் காணிக்கையில் ஒரு பகுதியை ஆப்பிரிக்காவிலுள்ள ஏழை நாடொன்றின் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று நமது விழாக் குழு தீர்மானித்திருக்கிறது. பாராட்டத்தக்க முடிவு. ஆனால் அந்தப் பணத்தை எதற்கென்று அனுப்புவது என்பதில் நமக்குள் இன்னும் ஒருமனம் ஏற்படவில்லை. "ஒரு வகுப்பறை கட்டிக் கொடுத்து நம் பங்கின் பெயரைக் கல்லில் பொறித்து வைக்கலாம்" என்கிறார்கள் சிலர். "பணத்தை அனுப்பிவிடுவோம், அதற்குப் பிறகு அவர்கள் பாடு" என்கிறார்கள் வேறு சிலர். "இத்தனை காலம் உலகமே கொட்டிக் கொடுத்தும் முன்னேறாதவர்களுக்கு நாம் கொடுத்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. இந்த மூவரையும் மனத்தில் வைத்துப் பேசுமாறு பங்குத் தந்தை அவர்கள் பணித்தார்கள்.

ஆப்பிரிக்கா என்று பொதுவாகப் பேசினால் எதுவும் விளங்காது. அது ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அடங்கிய கண்டம். ஆகவே மலாவி என்ற ஒரே நாட்டை எடுத்துக்கொள்கிறேன். உலகின் மிக ஏழை நாடுகளில் அது ஒன்று. கல்விக்காக வெளிநாட்டு உதவியை நெடுங்காலமாகப் பெற்று வரும் நாடு. நமது திருச்சபைக்கும் அந்நாட்டுப் பள்ளிகளுக்கும் நூறாண்டு கடந்த உறவு உண்டு.

நாடும் மக்களும்

மலாவி ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே இருக்கிறது. தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக் ஆகிய மூன்று நாடுகளும் அதைச் சூழ்ந்திருக்கின்றன. கடற்கரை கிடையாது. ஆனால் 580 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பெரிய ஏரி உண்டு. பரப்பில் நமது தமிழகத்தைவிடச் சற்றுச் சிறிய நாடு. ஆங்கிலேயர் ஆட்சியில் நியாசாலாந்து என்று வழங்கியது. 1964 ஜூலை 6-ஆம் நாள் விடுதலை பெற்று மலாவி ஆயிற்று. அப்போது சுமார் 40 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1 கோடியே 75 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மக்களில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலங்களில் மக்காச்சோளம் பயிரிட்டு உண்பவர்கள். வெளிநாட்டுக்கு விற்றுக் காசு பார்ப்பதற்கு முக்கியமாகப் புகையிலையும், அதற்கடுத்துத் தேயிலையும் சர்க்கரையும்தான்.

அங்கே ஏப்ரல் வாக்கில்தான் மக்காச்சோளம் அறுவடையாகும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை குதிர் காலியாக இருக்கும் மாதங்கள். இந்த மாதங்களில் வகுப்பறையில் பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள். வந்த பிள்ளையும் பசி மயக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவேன்.

நம் திருச்சபை நட்ட விதை

மலாவிக்குள் முதலில் பள்ளிக்கூடத்தைக் கொண்டு சென்றவர்கள் மறைபரப்பாளர்கள். ஸ்காட்லாந்து நாட்டுப் பிரிந்த சகோதரர்கள் 1875-லும் 1876-லும் லிவிங்ஸ்டோனியா, பிளாண்டயர் ஆகிய மிஷன்களைத் தொடங்கினார்கள். கத்தோலிக்கரில் மான்ட்ஃபோர்ட் சபைக் குருக்கள் 1901-ல் என்சாமா என்னும் ஊரில் குடியேறினார்கள். வெள்ளை அங்கித் தந்தையர் என்று நாம் அழைக்கும் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையினர் 1902-இல் முவா என்னும் இடத்தில் தங்கள் மிஷனை நிறுவினார்கள். அன்று தொட்டு, கோவில் எழுந்த இடத்திலெல்லாம் பள்ளிக்கூடமும் எழுந்தது. இன்றும் மலாவியின் தொடக்கப் பள்ளிகளில் பெரும் பகுதி கிறிஸ்தவ சபைகளுக்குச் சொந்தமானவை. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது.

விடுதலைக்குப் பின் முப்பதாண்டுக் காலம் டாக்டர் ஹேஸ்டிங்ஸ் பாண்டா என்பவர் நாட்டை ஆண்டார். ஒரே கட்சி, ஒரே குரல். அவர் கல்வியை மதிக்காதவர் அல்லர். 1981-ல் கமுசு அகாடமி என்ற உயர்தரப் பள்ளியைத் திறந்தார். இங்கிலாந்திலிருந்து ஆசிரியர்களை வரவழைத்து, லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். சில நூறு பிள்ளைகளுக்கு அங்கே அரண்மனை போன்ற பள்ளி. பல லட்சம் பிள்ளைகளுக்கு மரத்தடி. தொடக்கப் பள்ளிக்கும் கட்டணம் உண்டு. கட்ட முடியாத வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது பெண் பிள்ளைதான்.

அக்காலத்தில் உதவி செய்த நாடுகளும் இதைப் பெரிதாகக் கேட்கவில்லை. 1980-களில் உலக வங்கி, ஏழை நாட்டுப் பெற்றோரும் கல்விச் செலவில் பங்கேற்க வேண்டும் என்றே ஆலோசனை கூறி வந்தது. கேட்டவர்கள் வேறு. அவர்கள் நம் ஆயர்கள்.

1992-ஆம் ஆண்டுத் தவக்காலம்

1992 மார்ச் 8, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. மலாவி நாட்டின் கத்தோலிக்கக் கோவில்கள் அனைத்திலும் திருப்பலியின்போது ஒரு சுற்றுமடல் வாசிக்கப்பட்டது. பிளாண்டயர் பேராயர் ஜேம்ஸ் சியோனா உள்ளிட்ட ஏழு மறைமாவட்டத் தலைவர்கள் அதில் கையொப்பமிட்டிருந்தார்கள். 'நமது விசுவாசத்தை வாழ்வோம்' என்பது அதன் பொருள்படும் தலைப்பு. பாலக்கா என்னும் ஊரிலுள்ள மான்ட்ஃபோர்ட் அச்சகத்தில் ஓசைப்படாமல் அச்சிட்டு, ஊர் ஊராக அனுப்பி, ஒரே நாளில் வாசிக்கச் செய்தார்கள்.

அதில் என்ன எழுதியிருந்தது? ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையே பள்ளம் ஆழமாகிறது, பள்ளிகளில் பிள்ளைகள் அடைபட்டுக் கிடக்கிறார்கள், ஆசிரியர் போதவில்லை, கல்வியின் தரம் தாழ்கிறது, எந்த வட்டாரத்தில் பிறந்தவர், யாருக்குத் தெரிந்தவர் என்று பாராமல் எல்லாருக்கும் கல்வியில் சம வாய்ப்பு வேண்டும், மருத்துவமனைகளில் கவனிப்பு இல்லை, மக்கள் வாய் திறந்து பேச உரிமை இல்லை. இவ்வளவுதான். இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றும். அன்று அந்நாட்டில் யாரும் பகிரங்கமாகச் சொல்லத் துணியாத சொற்கள் அவை. பல கோவில்களில் மக்கள் கண்ணீர் விட்டார்கள், கை தட்டினார்கள்.

ஆயர்களைக் காவல்துறையினர் அழைத்து விசாரித்தார்கள். அந்த மடலை வைத்திருப்பதே குற்றம் என்று அறிவிக்கப்பட்டது. ஆயர்களைக் கொன்றுவிட வேண்டும் என்று ஆளும் கட்சிக் கூட்டத்திலேயே பேசப்பட்டது. மசூசு மறைமாவட்டப் பொறுப்பிலிருந்த அயர்லாந்து நாட்டு மான்சிஞ்ஞோர் ஜான் ரோச் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஆனால் பேசிய சொல்லைத் திரும்பப் பெற யாராலும் முடியவில்லை. அவ்வாண்டு மே மாதம் உதவி நாடுகள் கூடி, உயிர் காக்கும் உதவி தவிர மற்ற புதிய உதவிகளை நிறுத்தி வைத்தன. 1993 ஜூன் 14-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் ஒரு கட்சி ஆட்சி வேண்டாம் என்றார்கள். 1994 மே மாதத் தேர்தலில் பகிலி முலுசி குடியரசுத் தலைவரானார். அவருடைய அரசு முதல் வேலையாகத் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது.

அன்பர்களே, வரிசையைக் கவனியுங்கள். முதலில் அந்த மண்ணின் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகப் பேசினார்கள். பிறகே வெளிநாட்டார் விழித்தார்கள். பள்ளிக் கதவைத் திறந்தது டாலர் அன்று; பீடத்தருகே நின்று வாசித்த ஒரு மடல் என்று சொன்னால் அது மிகையாகாது.

கதவு திறந்தது, பிறகு?

1994-ல் கட்டணம் நீங்கியதும் நடந்ததை வெள்ளம் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஆண்டில் சுமார் 19 லட்சமாக இருந்த தொடக்கப் பள்ளி மாணவர் தொகை ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 லட்சமாயிற்று. மீசை அரும்பிய வாலிபரும் முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஆசிரியர் எங்கே? அரசு ஏறத்தாழ 20 ஆயிரம் பேரைப் பயிற்சி இல்லாமலே வேலைக்கு எடுத்தது. பலர் உயர்நிலைக் கல்வியையே பாதியில் விட்டவர்கள். இரண்டு வார அறிமுக வகுப்பு. அவ்வளவுதான், கையில் சுண்ணாம்புக் கட்டி. கீழ் வகுப்புகளில் ஓர் ஆசிரியரின் முன்னே நூறு பிள்ளைகள், சில இடங்களில் நூற்றைம்பது பிள்ளைகள். நம் பள்ளி ஆசிரியர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பதே என்ன பாடு என்று அவர்களைக் கேளுங்கள்.

உதவி நாடுகள் அப்போது ஓடோடி வந்தன என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். பிரிட்டன் வகுப்பறைகள் கட்டியது. ஜெர்மனி, டென்மார்க் ஆகிய நாடுகளும் உலக வங்கியும் சேர்ந்து, வேலையில் இருந்துகொண்டே ஆசிரியர்கள் பயிற்சி பெறும் திட்டம் ஒன்றை 1997-ல் தொடங்க உதவின. அமெரிக்கா பெண் கல்விக்காக, வகுப்பில் தவறாது தேறி வரும் சிறுமிகளின் கட்டணத்தை 1994-க்கு முன்பே ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் கீழ் வகுப்புகளுக்கு வாசிப்புப் புத்தகங்கள் அச்சிட்டுத் தந்தது. இன்று 50 லட்சத்துக்கு மேற்பட்ட மலாவிப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் பெயர் எழுதியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேருகிறார்கள். இது சிறிய காரியமா?

இனிக் கசப்பான பாதி. முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர்கூட எட்டாம் வகுப்பை எட்டுவதில்லை. தென் ஆப்பிரிக்க வட்டார நாடுகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்புத் தேர்வு வைத்தபோது மலாவி கடைசி வரிசையில் நின்றது. பள்ளிக்கு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஏராளம். கதவைத் திறப்பது ஒன்று; உள்ளே வந்த பிள்ளைக்குப் பாடம் கிடைப்பது வேறொன்று.

உதவி எங்கே தடுமாறியது?

என் அறிவுக்கு எட்டிய வரை மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, கண்ணுக்குத் தெரிவதற்கே கொடுத்தார்கள். கட்டடத்தைப் படம் பிடிக்கலாம். எண்ணிக் கணக்குக் காட்டலாம். ஆனால் மண்சாலை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கும் ஊரில், மின்விளக்கில்லாத, நல்ல தண்ணீரில்லாத இடத்தில், குடியிருக்க ஒரு வீடும் இன்றி ஓர் ஆசிரியை எப்படித் தங்குவாள்? ஆகவே ஆசிரியர்கள் சாலையோர ஊர்களையும் சந்தையூர்களையும் நாடிப் போய்விடுகிறார்கள். உட்கிராமத்தில் ஒருவரோ இருவரோ எஞ்சி எட்டு வகுப்புகளையும் பார்க்கிறார்கள். சம்பளமோ குறைவு. 2012-லும் 2023-லும் அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பு பெரிதும் குறைக்கப்பட்டபோது, அந்தச் சம்பளத்துக்குக் கிடைத்த மக்காச்சோள மாவும் குறைந்தது. இதற்குமேல், ஒவ்வோர் உதவித் திட்டமும் தனித்தனியே பயிற்சி முகாம் நடத்தி, வருகிறவர்களுக்குப் படி கொடுக்கும். சம்பளம் போதாதவர் படியைத் தேடிப் போவது இயல்பு. அன்று வகுப்பில் ஆசிரியர் இல்லை.

இரண்டாவது, நிலைத்து நிற்கவில்லை. கொடுப்பவர் மனம் மாறும்போதெல்லாம் வாங்குபவர் பாதை மாற வேண்டியிருந்தது. கட்டணம் வாங்கச் சொன்ன உலக வங்கியே, 1990-ல் தாய்லாந்தின் ஜோம்தியன் நகரில் கூடிய மாநாட்டுக்குப் பின் அனைவருக்கும் கல்வி என்று முழங்கியது. நான்கைந்து ஆண்டுக்கொரு திட்டம், அதற்கொரு பெயர், அதற்கொரு வாகனம். திட்டம் முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். அண்மையில் 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியது. அவ்வாண்டு ஜூலையில் அதன் உதவி நிறுவனமே மூடப்பட்டது. மலாவியில் பிள்ளைகளின் வாசிப்புத் திட்டத்துக்கும் உயர்நிலைப் பள்ளிக் கட்டடங்களுக்கும் பணம் தந்து வந்தது அந்த நிறுவனந்தான். கொடுத்த கை ஒரே இரவில் மடங்கிவிட்டால் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

மூன்றாவது, நேர்மைக் குறைவு. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. 2013-ல் மலாவியின் அரசுக் கருவூலத்திலிருந்து சுமார் ஆறு மாத காலத்தில் ஏறத்தாழ 3 கோடி டாலர் களவு போனது வெளிப்பட்டது. செய்யாத வேலைக்கும் வராத பொருளுக்கும் பட்டுவாடா! 'கேஷ்கேட்' என்று அதற்குப் பெயர். உதவி நாடுகள் அரசின் பொது வரவுசெலவுக்குக் கொடுத்து வந்த பணத்தை உடனே நிறுத்தின. திருடியவர்கள் சிலர், தண்டனை அனுபவித்தது மரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை. அதற்குப் பின் நம்பிக்கை போய், ஒவ்வொரு நாடும் தன் திட்டத்தைத் தானே நடத்தத் தலைப்பட்டது. அதனால் மேலே சொன்ன இரண்டு குறைகளும் பெருகின.

கொடுத்தும் பயனில்லையா?

மலாவியின் அண்டை நாடான சாம்பியாவில் பிறந்த பொருளாதார நிபுணர் டாம்பிசா மோயோ 2009-ல் ஒரு நூல் எழுதினார். அரசுகள் அரசுகளுக்குக் கொடுக்கும் உதவியே ஆப்பிரிக்காவைக் கெடுத்தது, அதை நிறுத்த வேண்டும் என்று அதில் வாதாடினார். கேஷ்கேட்டை எண்ணிப் பார்த்தால் அவர் பேச்சில் உண்மை இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் கேள்வி எழுப்பியது அரசு கொடுக்கும் பெருந்தொகையைப் பற்றி. நமது சிறு காணிக்கையை எடைபோட வேறு இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

2002-ல் மலாவியில் கடும் பஞ்சம். ஸ்காட்லாந்திலிருந்து நிவாரணப் பணிக்கு வந்த மேக்னஸ் மக்ஃபார்லேன்-பாரோ என்ற கத்தோலிக்கர், சாகும் தறுவாயிலிருந்த ஒரு தாயின் குடிசைக்குச் சென்றார். அவளைச் சுற்றி ஆறு பிள்ளைகள். மூத்த பையனிடம், வாழ்க்கையில் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வயிறாரச் சாப்பாடும், என்றாவது ஒருநாள் பள்ளிக்கூடம் போவதுந்தான் தன் ஆசை என்றான் அவன். சோறும் படிப்பும் அந்தப் பிள்ளைக்கு ஒரே ஆசையாக இருந்தன. அவ்வாண்டே, அன்னை மரியாவின் பெயரைத் தாங்கிய 'மேரிஸ் மீல்ஸ்' என்ற பணி 200 மலாவிப் பிள்ளைகளுடன் தொடங்கியது. பள்ளியிலேயே ஒரு குவளைக் கஞ்சி. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவு அந்நாட்டிலேயே விளைவது. அடுப்பு மூட்டிக் கிண்டுபவர்கள் அந்தந்த ஊர்த் தாய்மார். முறை வைத்து, கூலியில்லாமல் செய்கிறார்கள். குதிர் காலியான மாதங்களைச் சொன்னேன் அல்லவா? அப்போதும் கஞ்சி உள்ள பள்ளியில் பிள்ளைகள் நிற்கிறார்கள். இன்று உலகின் பல நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்படிக் கஞ்சி குடிக்கிறார்கள்.

பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு என்பது நமக்குப் புதிதல்ல. பெருந்தலைவர் காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவும், கடல் கடந்த கத்தோலிக்கர் அனுப்பி நம் கிராமப் பங்குகளில் வழங்கிய பால் பவுடரும் கோதுமை ரவையும் பெரியவர்கள் நினைவில் இருக்கும். நாமும் வாங்கி உண்டு எழுந்தவர்கள்தாம். வாங்கியவர்களுக்குத்தான் கொடுக்கும் முறை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது செய்தி. அதே பஞ்ச காலத்தில், கசுங்கு மாவட்டத்து விம்பே என்னும் கிராமத்தில் வில்லியம் காம்குவாம்பா என்ற பதினான்கு வயதுச் சிறுவன் உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் கட்ட வழியின்றி வீட்டுக்கு வந்தான். இலவசம் தொடக்கக் கல்வியோடு நின்றது அல்லவா? அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் ஒரு சிறு நூலகம். அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்த பழைய பாட நூல்கள். அவற்றில் மின்சாரம் பற்றிய ஒரு நூலைப் படம் பார்த்துப் பார்த்தே புரிந்துகொண்டு, சைக்கிள் உதிரிகளையும் குப்பையில் கிடந்த பொருள்களையும் கொண்டு காற்றாலை செய்து வீட்டில் விளக்கேற்றினான். பின்னர் கல்வியைத் தொடர்ந்து 2014-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பட்டம் பெற்றார். அந்த நூல்களைக் கொடுத்தவருக்கு அவர் யாரென்றே தெரியாது. எந்தக் கல்லிலும் பெயரில்லை. ஆனால் அந்தக் கொடை வீண் போகவில்லை.

பணமே தேவைப்படாத உதவியும் உண்டு. டெட்சா மாவட்டத்தில் தெரசா கச்சிந்தமோட்டோ என்ற பெண்மணி ஊர்த் தலைவியாக இருந்து, நூற்றுக்கணக்கான குழந்தை மணங்களை முறித்துச் சிறுமிகளை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். ஒப்பாத சிற்றூர்த் தலைவர்களைப் பதவி நீக்கினார். 2017-ல் அந்நாட்டு அரசியல் சட்டமே திருத்தப்பட்டு, மண வயது 18 என்று ஆயிற்று. பள்ளிதோறும் தாய்மார் குழு ஒன்று உண்டு. படிப்பை நிறுத்திய பெண் பிள்ளையின் வீடு தேடிச் சென்று பேசி அழைத்து வருவது அவர்கள் தொண்டு. ஊரார் செங்கல் அறுத்துச் சூளையிட்டு வைப்பார்கள். கூரைத் தகடும் சிமெண்டும் மட்டுமே வெளியிலிருந்து வர வேண்டும். ஆகவே அந்த மக்கள் கையேந்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம் எண்ணிவிடலாகாது.

நாம் கொடுக்க வேண்டிய விதம்

இனி நமது காணிக்கைக்கு வருகிறேன். விழாக் குழுவின் முன் பணிவோடு நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: கொடுக்கும் முன் கேட்போம். மறைமாவட்டத்தின் வழியாக அங்குள்ள பங்குத் தந்தைக்கும், பள்ளியின் பெற்றோர் குழுவுக்கும், தாய்மார் குழுவுக்கும் எழுதி, உங்களுக்கு முதலில் எது தேவை என்று கேட்போம். அவர்கள் பிள்ளைக்கு எது வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1992-ஆம் ஆண்டு மடல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

இரண்டு: ஆசிரியரை மறவாதிருப்போம். கட்டடந்தான் வேண்டும் என்று அவர்களே கேட்டால், உட்கிராமப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வீடு கட்ட உதவலாமா என்று கேட்டுப் பார்ப்போம். அந்த ஒரு வீட்டால் ஓர் ஆசிரியை அவ்வூரில் தங்கினால், ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகள் எழுத்தறிவார்கள்! 2023 மார்ச் மாதம் ஃபிரெடி புயல் மலாவியின் தென்பகுதியைத் தாக்கியபோது வீடிழந்தவர்கள் பள்ளிகளில்தான் தஞ்சம் புகுந்தார்கள். வாரக்கணக்கில் பாடம் நின்றது. நீர் வடிந்ததும் பள்ளியை மறுபடி நடத்தியவர்கள் ஆசிரியர்கள்தாம். சுவரை இன்னொரு முறை எழுப்பலாம். ஊரைவிட்டுப் போன ஆசிரியரைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

மூன்று: ஒரே தடவையில் பெருந்தொகையாக அனுப்புவதைவிட, சிறு தொகையாகப் பத்தாண்டுகளுக்கு அனுப்புவோம். இந்தப் பொன்விழாவில் தொடங்கி அறுபதாம் ஆண்டு வரை, ஒவ்வொரு தவக்காலத்திலும் ஒரு ஞாயிற்றுக் காணிக்கை. தொடக்கப் பள்ளியை முடிக்கும் சில ஏழைச் சிறுமிகள் உயர்நிலைப் பள்ளியில் நான்காண்டும் படித்து முடிக்க அது துணையாகட்டும். பாதியில் கைவிடும் உதவியைவிட, சிறிதாயினும் கடைசி வரை வரும் உதவியே மேல்.

நான்கு: கணக்கு வேண்டும், கல்வெட்டு வேண்டாம். அனுப்பும் பணத்துக்கு ஆண்டுதோறும் கணக்குக் கேட்பதில் தவறில்லை. நாமும் நம் கணக்கைக் கோவில் பலகையில் ஒட்டுவோம். கேஷ்கேட்டைக் கண்டு அஞ்சி ஏழைப் பிள்ளைக்குக் கொடுப்பதை நிறுத்துவதும் தவறு. கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொள்வதும் தவறு. ஆனால் நம் பெயர் அங்கே பொறிக்கப்பட வேண்டாம். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொடுத்த சிறுவனின் பெயரை நற்செய்தியாளர் எழுதி வைக்கவில்லை. ஐயாயிரம் பேர் உண்டார்கள் என்பதைத்தான் எழுதி வைத்தார்.

தொடக்கத்தில் மூன்று கருத்துகளைச் சொன்னேன். வகுப்பறையும் கல்வெட்டும் என்றவர்களுக்கு: கட்டடம் வேண்டுமா என்று அவர்கள் சொல்லட்டும், கல்லை நாம் விட்டுவிடுவோம். பணத்தோடு நம் வேலை முடிந்தது என்றவர்களுக்கு: பத்தாண்டுக் கடிதப் போக்குவரத்தும் அந்தக் காணிக்கையில் அடங்கும். கொடுத்து என்ன ஆகப் போகிறது என்றவர்களுக்கு: நாட்டையே மாற்ற நம்மால் முடியாது, அதை அந்நாட்டு மக்களே செய்ய வேண்டும், செய்தும் வருகிறார்கள். ஆனால் ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியை தங்கவும், நாலு சிறுமிகள் படித்து முடிக்கவும் ஒரு பங்கு துணை நிற்க முடியும். அதுவே போதாதா?

நம் ஊரில் இந்தக் கோவிலுக்கு அருகே பள்ளி எழுந்ததும் யாரோ முகமறியாதவர்கள் கொடுத்த காசினாலும், நம் முன்னோர் சுமந்த மண்ணினாலும், குறைந்த சம்பளத்தில் நிலைத்து நின்ற ஆசிரியர்களாலும்தான். இம்மூன்றும் சேர்ந்தால் மலாவியிலும் அது நடக்கும். அங்கே மண் சுமக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் நிலைத்து நிற்கவும், காசு தவறாமல் போய்ச் சேரவும் நாம் நம் பங்கைச் செய்வோம். எல்லாப் பிள்ளைகளையும் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவர் நமது சிறு காணிக்கையை ஆசீர்வதிப்பாராக.